சைவம் எண்டு எழுதுங்க

பிள்ளையை மடியில் வையுங்கோ தங்கச்சி, நான் கொஞ்சம் ஒதுங்கி இருக்கிறேன். டவுண் மட்டும் போறீங்களோ? நானும் அங்கேதான்.

நெற்றியைப் பார்க்கிறீங்கள். பரவாயில்லை, இந்த பஸ்ஸில் ஏறுகிற எல்லாரும் பார்க்கிறவைதான். ஏழு தையல். கல் எந்தப் பக்கத்தால் வந்தது, ஆர் எறிந்தது, ஒன்றும் தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டேன். நான் பழிவாங்குகிற ஆள் இல்லை.

பத்து மணிக்கு வலயக் கல்விக் கந்தோரில் விசாரணை. என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கினம். குரூஸ் மாஸ்டர் என்று ஒருவர், விளாத்திமோட்டைப் பள்ளிக்கூடத்து அதிபர், வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கினம். ஒரு முஸ்லிம் பிள்ளையைச் சைவ வகுப்பில் இருத்தித் திருநீறு பூசினது என்று குற்றம். இன்றைக்கு அவருக்கு ஆம் என்றோ இல்லை என்றோ முடிவு. அவர் திரும்பிப் போனால் பள்ளிக்கூடம் திறக்கும். போகாவிட்டால் அந்தப் பூட்டுப் பூட்டுத்தான். எல்லாம் என்னுடைய ஒரு வாயில் இருக்கிறது என்று சொல்லுகினம். எல்லாரும் அப்படித்தான், தங்களுடைய பாரத்தைத் தூக்கி அடுத்தவன் தலையில் வைக்கிறது.

விளாத்திமோட்டை தெரியாதோ? தெரியாமல் இருக்கிறதுதான் நல்லது. நாற்பத்தொரு பிள்ளைகள், இரண்டு கட்டடம், ஒரு ஓலைக் கொட்டில். ஐந்தாம் வகுப்பு மட்டும்தான். ஆனால் பாருங்கோ, அந்த நாற்பத்தொன்றில் பதினெட்டுச் சைவம், பதின்மூன்று கத்தோலிக்கம், பத்து முஸ்லிம். ஒரே வாங்கில் மூன்று பேரும் இருப்பினம். கொழும்பில் இப்படிப் பள்ளிக்கூடம் தேடினால் தெருவுக்கு ஒன்று கிடைக்கும், ஆள் தெரிந்தால். எங்கள் பக்கம்? கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கொன்வென்ற், சைவப் பிள்ளைக்கு இந்துக் கல்லூரி, முஸ்லிம் பிள்ளைக்கு முஸ்லிம் வித்தியாலயம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு திக்கில், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணித்தியால பஸ். எல்லாரும் ஒன்றாகப் படிக்கிறதுக்கு அந்தக் கரை முழுக்க இது ஒன்றுதான் இருந்தது.

நான் ஏன் இதற்குள்ளே போனேன் என்று கேட்பீங்கள். எனக்குப் பதினொரு வயதில் என்னை ஜேர்மனிக்கு அனுப்பினார்கள். அங்கே சமய பாடம் வந்தால் கத்தோலிக்கர் ஒரு அறைக்குப் போவார்கள், மற்றக் கிறிஸ்தவர்கள் இன்னொரு அறைக்குப் போவார்கள். எனக்கு அறை இல்லை. வெளி விறாந்தையில், சப்பாத்து அடுக்குகிற தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு இருத்தி விடுவார்கள். ஐந்து வருஷம். ஒரு நாள் ஒரு வெள்ளைப் பொடியன் என்ர மடியில் தன்ர ஈரச் சப்பாத்தை வைத்துவிட்டுப் போனான். தட்டு என்று நினைத்தானாம். அவனுக்கு நான் செய்த வேலையால் பள்ளிக்கூடத்தை மாற்ற வேண்டி வந்தது. அது வேறு கதை.

அப்போதே நினைத்தேன், எந்தப் பிள்ளையும் வெளியில் இருக்கக் கூடாது என்று. நாற்பத்தைந்து வயதில் எல்லாத்தையும் விட்டுவிட்டு வந்தேன். குரூஸ் மாஸ்டரிடம் போய், "மாஸ்டர், எனக்குச் சம்பளம் வேண்டாம், ஒரு வேலை தாங்கோ" என்றேன். சைவநெறி படிப்பிக்க ஆசிரியர் இல்லாமல் மூன்று வருஷம். அந்தப் பதினெட்டுப் பிள்ளைகளும் சமய பாட நேரத்தில் வேப்ப மரத்துக்குக் கீழே பந்தடித்துக்கொண்டு நின்றார்கள். அதை என்னிடம் தந்தார். பிறகு பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்துச் செயலாளர் பதவியும் வந்தது. பதிவேடு எழுதுகிறதும் என்ர பொறுப்பு. என்ர கையெழுத்து அப்படி. இரண்டு மொழியிலும் அச்சுப் போல இருக்கும்.

நான் செய்ததைக் கேளுங்கோ. முதல் வருஷம் தருமகுலம் என்று ஒருத்தன், எங்கட சைவ ஆள்தான், வந்து நின்று, "வகுப்புக்கு நடுவில ஒரு தட்டி வைச்சு மறைக்கவேணும், என்ர பெட்டை அவையளோட ஒட்டி இருக்கத் தேவையில்லை" என்றான். நான் அவனுக்கு ஒற்றுமை என்றால் என்ன என்று விளங்கப்படுத்தினேன். முன்பல் ஒன்று போனது. அதற்குப் பிறகு அவன் தட்டியைப் பற்றிக் கதைத்ததே இல்லை. மாஸ்டருக்குத்தான் அது பிடிக்கவில்லை. "நகுலேசன், நீங்கள் கையை வீட்டில வைச்சிட்டு வாங்கோ" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மெல்லிய மனிசன். சோக்குத்தூள் பட்டால் கூட ஊதித் துடைக்கிற மாதிரி.

சரி, விஷயத்துக்கு வாறேன்.

தை மாதம், முதலாம் வகுப்புச் சேர்க்கிற நாள். ஒரு முஸ்லிம் பெண், பரீனா என்று பெயர், சண்டைக் காலத்தில் துரத்தப்பட்டுப் புத்தளத்துப் பக்கம் அகதியாகப் போயிருந்து திரும்பி வந்த குடும்பம். புருஷன் கட்டாரில். மகள் ஹஸ்னா, இந்தளவு உயரம், கண் மட்டும்தான் பெரிசு. நான் மேசையில் பதிவேட்டோடு. பெயர் கேட்டேன், பிறந்த திகதி கேட்டேன். அடுத்த கூடு சமயம். நான் நிமிருகிறதுக்கு முதலே அந்தப் பெண் சொல்லுது:

"புள்ளைக்குச் சைவம் எண்டு எழுதுங்க, சேர்."

நான் பேனையைத் தூக்கிப் போட்டேன். "என்ன சொன்னீங்கள்?"

"சைவம்தான் சேர். எழுதிக்கொள்ளுங்க. பொறகு மாத்திப்போடாதீங்க, எங்கட ஆக்கள் ஏசுவாங்க."

தங்கச்சி, அந்த நேரம் என்ர மயிர் எல்லாம் சிலிர்த்தது. இதற்குத்தானே நான் வந்தேன்! அகதியாக அலைந்த ஒரு முஸ்லிம் தாய், தன்ர பிள்ளை எங்கட சமயத்தையும் படிக்கட்டும் என்று தானாக வந்து கேட்கிறாள், அதுவும் தன்ர ஆக்களுக்குப் பயந்து பயந்து கேட்கிறாள். ஜேர்மனியில் முப்பது வருஷம் நான் பேசின பேச்செல்லாம் அந்த ஒரு பெண்ணுக்கு முன்னால் தூசி. எழுதினேன். நல்ல பெரிசாக எழுதினேன்.

மாஸ்டர் பின்னேரம் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "இது சரியோ?" என்று கேட்டார். "தாய் தன்ர வாயால் சொன்னது மாஸ்டர், நான் என்ர காதால் கேட்டது" என்றேன். "எதுக்கும் ஒருக்கா அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்பம்." "கேட்டால் என்னை நம்பவில்லை என்றுதானே கருத்து?" என்றேன். பேனையை எடுத்து ஒப்பம் வைத்தார். நீங்களே சொல்லுங்கோ, அதிபர் அவர். ஒப்பம் அவருடையது.

புதன்கிழமை புதன்கிழமை என்ர வகுப்பு. பத்தொன்பது பிள்ளைகளையும் வரிசையில் நிற்க விட்டு நானே திருநீறு பூசுவேன். ஹஸ்னா நெற்றியைத் தூக்கிக் காட்டும். அந்தப் பிள்ளைக்குச் சாமிப் பாட்டு இரண்டு கிழமையில் பாடம். மற்றப் பதினெட்டும் வாயை மட்டும் அசைக்கும், இது குரல் எடுத்துப் பாடும். பூசின திருநீறு பந்தடித்து வேர்த்து வீட்டுக்குப் போகும்போது ஒரு பிள்ளையிலும் இராது. மூன்றாம் கிழமை மட்டும் ஆசிரியர் கூட்டம் என்று பத்தரைக்கே பிள்ளைகளை விட்டுவிட்டார்கள்.

ஹஸ்னா பூசின நெற்றியோடு வீட்டுக்குப் போயிருக்கிறது. தாயின் தம்பி நிஸ்தார் வாசலில் நின்றிருக்கிறான். மீன் லொறி ஓடுகிறவன். என்னடி இது என்று கேட்க, இது பெருமையாகப் பாட்டையும் பாடிக் காட்டியிருக்கிறது. கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய், சட்டி தேய்க்கிற தும்பாலே நெற்றியைத் தேய்த்திருக்கிறான். திருநீறு இரண்டு தேய்ப்பில் போயிருக்கும். அவன் நிறுத்தவில்லை. தாய் வந்து கையைப் பிடிக்க, தாய்க்கும் ஒரு அறை. தோல் கழன்று இரத்தம் வந்த பிறகுதான் விட்டானாம்.

மிருகம். ஒரு சின்னப் பிள்ளையில் கை வைக்கிறவனை நான் மனிசனாக எடுக்கிறதில்லை.

அடுத்த நாள் காலை எட்டு மணி. பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போய்விட்டார்கள். ஹஸ்னாவைக் கையில் பிடித்துக்கொண்டு பரீனா. நெற்றியில் தக்காளியைப் பிளந்து ஒட்டின மாதிரி ஒரு சிவப்பு. பின்னால் நிஸ்தாரும் பத்துப் பன்னிரண்டு பேரும். வெறுங்கையோடுதான் வந்தார்கள், பொய் சொல்லக் கூடாது.

மாஸ்டர் வெளியில் வந்தார். முதலில் பிள்ளைக்கு முன்னால் குந்தி இருந்து அந்த நெற்றியைப் பார்த்தார்.

"எங்கட புள்ளைய மாத்தப் பாக்கிறீங்களா மாஸ்டர்?" நிஸ்தார் கத்துகிறான். "தொரத்தி விட்டீங்க, போனம். திரும்பி வந்தம். இப்ப நெத்தியிலயும் கை வைக்கிறீங்களா?"

"தம்பி, உங்கட அக்காதான் சைவம் எண்டு பதியச் சொன்னவ எண்டு..." என்று சொல்லிவிட்டு மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நானா?"  பரீனா நெஞ்சில் கை வைத்தது. "அல்லாவே! நான் சாப்பாட்டுக்கெல்லவா சொன்னன்! இங்க பகல் சோத்துக்குக் கோழி போடுறாங்களாம், யார் அறுத்ததோ தெரியாதே எண்டு, மரக்கறிச் சாப்பாடு குடுங்க எண்டுதானே சைவம் எண்டு சொன்னன்!"

 

பிறகு ஆரோ பின்னுக்கு நின்றவன் ஒருத்தன் சிரித்தான். அதோடு எல்லாரும். பரீனா அழுதுகொண்டே சிரிக்குது. நிஸ்தாருக்கும் கோபத்தைப் பிடித்து வைத்திருக்க ஏலாமல் மீசை துடிக்குது. "ஜேர்மன்காரர்ட கையில பதிவு இடாப்பைக் குடுத்தா இப்பிடித்தான்," என்றான். "அவருக்குத் தமிழ் எங்க தெரியும்? கோழி தின்னாத புள்ளைய எல்லாம் கோயிலுக்கு எழுதியிருப்பாரு."

குரூஸ் மாஸ்டரும் சிரித்தார். என்ர தோளில் தட்டிச் சிரித்தார்.

அந்த இடத்தில் முடிந்திருக்கும் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். அவர்கள் சொல்லுவார்கள். தமிழ் தெரியாதவன் என்று அவர்களைச் சொல்லவில்லையே? அங்கே இருபது வருஷம் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்தினவன் நான். அங்கே விறாந்தையில் இருத்தினவர்கள் என்னுடைய ஜேர்மன் பிழை என்று சிரித்தார்கள். இங்கே வந்தால் தமிழ் பிழையாம். நிஸ்தாரின் வாய் திறந்தபடி இருந்தது. நான் அடிக்கவில்லை, கை தன்பாட்டில் போனது. சொண்டு பிளந்து இரத்தம் அவனுடைய சேட்டில் விழுந்தது. "இது அந்தப் பிள்ளையின்ர நெற்றிக்கு" என்றேன். நியாயம்தானே?

பிறகு என்ன, வெறுங்கை எல்லாம் கல்லானது. ஓடு உடைகிற சத்தம். உள்ளே பிள்ளைகள் குழறுகிற சத்தம். சந்தியில் நின்ற எங்கட பெடியளுக்குச் செய்தி போய், வேலித் தடியோடு ஓடி வந்தார்கள். முன்னுக்கு ஆர் என்று நினைக்கிறீங்கள்? தருமகுலம்! பல் இல்லாத வாயால், "நகுலேசண்ணைக்கு அடிக்கிறாங்களடா!" என்று கத்திக்கொண்டு. எனக்குக் கண் கலங்கிப் போனது. மாதா கோயிலடிக் கத்தோலிக்கப் பெடியள், தங்கட மாஸ்டருக்கு ஏதோ என்று கேள்விப்பட்டு அவர்களும் வந்தார்கள். ஆர் ஆருக்கு அடிக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஒருத்தனைக் கரும்பலகையோடு சேர்த்து மோதினார்கள், பலகை முறிந்தது. ஒருத்தன் வாங்குக் காலைப் பிடுங்கி இன்னொருத்தன் முதுகில் போட்டான். பிள்ளைகள் மேசைகளுக்குக் கீழே. அந்த மூன்று பகுதிப் பிள்ளைகளும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்ததுகள். பார்க்க வேணும் நீங்கள். என்ர கனவு அதுதான்.

கொட்டிலுக்கு ஆர் நெருப்பு வைத்தது என்று தெரியாது. மூன்று பகுதியும் மற்ற இரண்டு பகுதியையும் சொல்லுது. பதிவேடு, இடாப்பு எல்லாம் அதற்குள்ளே. என்ர கையெழுத்து முழுக்கச் சாம்பல்.

மணிக்கென்று ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதை அடிக்கிற இரும்புக் கம்பி கொழுவியிருந்தது. அது என்ர கைக்கு வந்தது, எப்படி என்று கேட்காதீங்கோ. நிஸ்தார் எனக்கு முன்னால், கண்ணில் புகை போய்க் குனிந்து நிற்கிறான். நான் வீசினேன். இடையில் ஒரு கை வந்தது. வெள்ளைச் சேட்டுக் கை. சத்தம் கேட்டது, காய்ந்த தடி முறிகிற மாதிரி. ஆருடைய கையோ. அந்தப் புகையில் ஆரை அடையாளம் காண்கிறது? அதற்குப் பிறகுதான் எனக்குக் கல் பட்டது. நான் விழுந்தேன். கடைசியாகக் கேட்டது குரூஸ் மாஸ்டருடைய குரல், "பிள்ளையளைப் பின்பக்கத்தால எடுங்கோ, பிள்ளையளை எடுங்கோ" என்று.

பதினான்கு பேர் ஆஸ்பத்திரியில். மாஸ்டருக்கு வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு. முரட்டுச் சனம், ஒரு வாத்தியாரின் எழுதுகிற கையையே முறித்துப் போட்டிருக்கினம்.

மூன்றாம் நாள் கோயில் ஆக்கள், பள்ளிவாசல் ஆக்கள், கத்தோலிக்கப் பங்கு ஆக்கள் எல்லாரும் பொலிசில் கூடினார்கள். அந்த ஊரில் அவ்வளவு ஒற்றுமையாக ஒரு கூட்டம் நடந்ததே இல்லை. அரை மணித்தியாலத்தில் முடிவு. பள்ளிக்கூடத்தைப் பூட்டு, அவரவர் பிள்ளையை அவரவர் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. விடிய ஐந்தேகாலுக்கு மூன்று பஸ் மூன்று திக்கில் போகுது. அரை நித்திரையில் பிள்ளைகள் யன்னல் கம்பியில் தலையை அடித்துக்கொண்டு போகுதுகள். போக வழியில்லாததுகள் வீட்டில். ஹஸ்னாவை எங்கேயும் அனுப்பவில்லையாம். பாடினால் வாயைப் பொத்துகினமாம்.

குற்றம் மாஸ்டரில் விழுந்தது. மதம் மாற்றப் பார்த்தாராம். வாசலில் நின்று சிரித்தவர்கள்கூடச் சாப்பாட்டுக் கதையை மறந்துபோனார்கள். கத்தோலிக்கர் ஒருத்தர் முஸ்லிம் பிள்ளையை எதற்குச் சைவத்துக்கு மாற்றவேணும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பதிவேடும் எரிந்துபோச்சு. அவர் ஒப்பம் வைத்தது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்தார். கையில் மாவுக்கட்டு.  கட்டிலில் இருந்துகொண்டு சொன்னார்:

"நகுலேசன், எழுதினது நீங்கள், விளங்காமல் எழுதினது எண்டு அந்த ஒரு சொல்லை விசாரணையில சொல்லுங்கோ. பரீனாவும் வந்து சொல்லுறன் எண்டிருக்கிறா. அவ பயத்தை விட்டிட்டு வாறா. ரெண்டு பேரும் சொன்னால் பள்ளிக்கூடத்தைத் திறப்பினம்."

"யோசிப்பம் மாஸ்டர்."

"கை விஷயம் நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். அதுக்கு நீங்கள் பயப்பிட வேண்டாம்."

எந்தக் கை விஷயம்? எனக்கு விளங்கவில்லை. வலி மருந்தில் ஏதோ கதைக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

நான் இரவும் பகலும் யோசித்தேன், தங்கச்சி. மாஸ்டருக்கு ஐம்பத்தெட்டு. இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு. அவர் போனால் ஒரு மனிசன் போகிறார், அவ்வளவுதான். என்ர பெயர் கெட்டால்? நான் ஒரு புதுப் பள்ளிக்கூடம் கட்ட யோசித்திருக்கிறேன். எல்லாச் சமயமும் ஒன்றாக, சுற்றிவர மதில், வாசலில் காவல். வரைபடம்கூட இந்தப் பையில் இருக்குது, காட்டட்டோ? தமிழ் விளங்காமல் பிழையாக எழுதினவன் என்று கந்தோர்க் கடதாசியில் ஏறினால், பிறகு ஆர் என்னை நம்பிப் பிள்ளை தருவினம்? ஒரு பள்ளிக்கூடமா பெரிசு, இனி வரப்போகிற பள்ளிக்கூடங்களா? நீங்கள் படித்த ஆள் மாதிரி இருக்கு. நீங்களே சொல்லுங்கோ.

பிள்ளையை ஏன் மற்றப் பக்கம் தூக்கி வைக்கிறீங்கள்? சரி.

நான் இறங்கவில்லையோ என்று கேட்கிறீங்களோ? ஓம், கந்தோர் இந்த நிற்பாட்டில்தான். அந்தா, மதிலோரம். பத்துக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு.

இல்லை, நான் சந்தைக்குப் போறேன். கொஞ்சம் மரக்கறி வாங்க வேணும்.

அந்த வெள்ளைச் சேட்டுக்காரரோ? கையில் கட்டோடு நிற்கிறவர்? பக்கத்தில் முக்காடு போட்ட பெண்ணும் பிள்ளையும்? ஒவ்வொரு யன்னலாகப் பார்த்துக்கொண்டு வருகினம். ஆரையோ தேடுகினம் போல.

தங்கச்சி, அந்த யன்னல் சீலையைக் கொஞ்சம் இழுத்து விடுங்கோ. வெயில் அடிக்குது.

அந்தப் பக்கம் நிழல்தான், தெரியும். இழுத்து விடுங்கோ.